ஏற்காட்டுக்கு இன்னொரு சாலை: எங்கே போட்டால் நெரிசல் குறையும்?

மே மாதச் சனி, ஞாயிறுகளில் ஏற்காடு ஏரிக்கரையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகின்றன. கோடை விழா நடக்கும் நாட்களில் அதுவும் கிடையாது. அப்போதெல்லாம் எழும் கோரிக்கை ஒன்றுதான்: மலைக்கு இன்னொரு ரோடு வேண்டும். லாட்ஜ் வைத்திருப்பவர் கேட்கிறார், எஸ்டேட்காரர் கேட்கிறார், குடும்பத்தோடு போய் வழியில் மாட்டிக்கொண்ட சேலத்துக்காரரும் கேட்கிறார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கிருந்து எங்கே ரோடு, அதில் யார் போவார்கள் என்று திருப்பிக் கேட்டால் பதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்தப் பதில் தெளிவாகாமல் போடும் சாலை நெரிசலைக் குறைக்காது. இருக்கிற நெரிசலில் இன்னும் நாலு வண்டியைக் கொண்டுவந்து சேர்க்கவும் செய்யும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிவாரத்திலிருந்து மேலே வர மூன்றாவதாக ஒரு பெரிய மலைப்பாதை ஏற்காட்டுக்கு இப்போது தேவையில்லை. மேலே வந்துவிட்ட வண்டி ஏரிக்கரையைத் தொடாமல் தன் வழியே போக ஒரு சின்ன இணைப்புச் சாலை வேண்டும். ஏரிக்கு வெளியே வண்டி நிறுத்த இடம் வேண்டும். இருக்கிற இரண்டாவது பாதையான குப்பனூர் வழியை உருப்படியாக்க வேண்டும். இப்படிச் சொல்வதற்கான காரணங்கள், சாலைகளை எப்படித் திட்டமிடுகிறார்கள் என்பதிலேயே இருக்கின்றன.

கடந்து போகிறவர், வந்து நிற்கிறவர்

ஒரு சின்ன ஊரின் கடைவீதியில் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றால், அதில் இரண்டு வகை ஆட்கள் கலந்திருப்பார்கள். ஒருவருக்கு அந்த ஊரில் எந்த வேலையும் இல்லை; வேறு ஊருக்குப் போகிறார், வழி இதுவாக இருப்பதால் வருகிறார். இன்னொருவர் இந்த ஊருக்கென்றே வந்தவர். மளிகை வாங்கணும், பேங்குக்குப் போகணும், பிள்ளையைப் பள்ளியில் விடணும். முதல் ஆளுக்குப் புறவழிச்சாலை போட்டால் அன்றைக்கே அதில் திரும்பிவிடுவார். இரண்டாவது ஆளுக்கு எத்தனை புறவழி போட்டாலும் அவர் கடைவீதிக்குத்தான் வருவார். ஆகவே இந்த இரண்டு பேரும் எந்த விகிதத்தில் கலந்திருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு ஒரு கணக்கெடுப்பு இருக்கிறது. ஊருக்குள் நுழையும் ரோடுகள் எல்லாவற்றிலும் ஆட்கள் உட்கார்ந்து, வருகிற வண்டியின் எண்ணையும் நேரத்தையும் குறிப்பார்கள். கிழக்கு முனையில் 10.05க்கு நுழைந்த வண்டி மேற்கு முனையில் 10.20க்கு வெளியே போனால் அது கடந்து போன வண்டி. சாயந்தரம் 4 மணிக்குப் போனால் ஊரில் வேலை இருந்து வந்த வண்டி. சில வண்டிகளை ஓரம் கட்டி, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், எதற்காக என்றும் கேட்பார்கள். இப்போது கேமரா வைத்தும் எண்களைப் பிடிக்கிறார்கள். முறை எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்.

கூடவே வண்டி எண்ணிக்கையும் நடக்கும். வழக்கமாக ஏழு நாள், இருபத்து நான்கு மணி நேரமும் எண்ணுவார்கள். எல்லா வண்டியும் ஒரே அளவு இடத்தை அடைப்பதில்லை என்பதால், இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் அளவுகோலில் எல்லாவற்றையும் கார் கணக்குக்கு மாற்றுகிறார்கள். கார் ஒன்று என்றால் டூவீலர் அரை, பேருந்தும் லாரியும் மூன்று, டிரெய்லர் மாட்டிய டிராக்டர் நாலரை. இந்தக் கணக்கில் சமவெளியில் ஒரு இருவழிச் சாலை ஒரு நாளைக்கு 15,000 கார் அளவு வரை தாங்கும். அதே அகலச் சாலை மலையில் என்றால் 7,000. வளைவு அதிகமான மலைச் சாலையில் 5,000தான். அகலம் ஒன்று, தாங்கும் சக்தி மூன்றில் ஒரு பங்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு தேவைப்படும்.

சேலம் மாவட்டத்தில் முதல் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு ஆத்தூரும் வாழப்பாடியும். சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னை போகும் லாரிக்கு ஆத்தூர்க் கடைவீதியில் என்ன வேலை? ஒன்றுமில்லை. அதனால் புறவழிச்சாலை வந்ததும் அந்தப் போக்குவரத்து ஊரைவிட்டு விலகியது. ஆனால் அங்கேயே ஒரு பிழையும் நடந்தது. நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கியபோது, புறவழிப் பகுதிகளை மட்டும் இருவழியாகவே விட்டார்கள். நடுவில் தடுப்போடு வந்த நான்கு வழிச் சாலையில் வேகமாக ஓட்டிப் பழகிய டிரைவர், புறவழியில் ஏறியதும் எதிரே நேருக்கு நேர் வரும் வண்டியைச் சந்திக்க வேண்டியதாயிற்று. அந்த இடங்களில் எத்தனையோ உயிர்கள் போயின. அவற்றை அகலப்படுத்தக் கேட்டு வருடக்கணக்காக மனு கொடுக்க வேண்டி வந்தது. சாலை வேண்டும் என்ற முடிவு சரி, போன திசையும் சரி. அகலத்தில் மிச்சம் பிடித்ததற்கான விலையை அந்த வழியில் போனவர்கள் கொடுத்தார்கள்.

இரண்டு வகையும் கலந்த இடம் சேலம் ஐந்து ரோடு. 2020 ஜூனில் திறந்த ஈரடுக்கு மேம்பாலம், அந்தச் சந்திப்பில் வேலை இல்லாதவரை மேலே தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. ஆனால் அங்கேயுள்ள கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர் பாலத்துக்குக் கீழேதான் வந்தாக வேண்டும். பாலம் வந்த பிறகும் கீழே கூட்டம் இருக்கிறதே என்று குறைப்படுகிறவர்களுக்கு விளக்கம் இதுதான். பாலம் தன் வேலையைச் செய்கிறது. கீழே நிற்பவர்களின் வேலை பாலத்தால் ஆகிற வேலை இல்லை.

ஏற்காட்டில் யார் கடந்து போகிறார்கள்?

இனி மலைக்கு வருவோம். ஏற்காட்டைக் கடந்து வேறு ஊருக்குப் போகிறவர் அபூர்வம். அரூரிலிருந்து சேலம் வருகிறவர் யாரும் மலையேறி இறங்கி வரமாட்டார். மேலே வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை ஏற்காட்டுக்கென்றே வருபவை. ஆத்தூருக்குப் போட்டதுபோல் ஒரு புறவழிச்சாலை இங்கே போட்டால் அதில் போக ஆள் இருக்காது. அதே காரணத்தால், மூன்றாவது மலைப்பாதை ஒன்று வந்தால் அதில் ஏறி வருகிற ஒவ்வொரு வண்டியும் கடைசியில் அதே ஏரிக்கரையில்தான் வந்து நிற்கும். வாசல் மூன்றாகும், கூடம் அதே அளவில்தான் இருக்கும்.

ஆனால் அளவுகோலைக் கொஞ்சம் சுருக்கிப் பார்த்தால் காட்சி மாறுகிறது. ஊரை விட்டுவிட்டு ஏரிக்கரையை மட்டும் ஒரு சந்திப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏரி, படகு இல்லம், அண்ணா பூங்கா, ஒண்டிக்கடை ரவுண்டானா, கடைகள் எல்லாம் அங்கே ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கின்றன. சேலத்திலிருந்து ஏறிவரும் ரோடும் அங்கேதான் வந்து சேர்கிறது. பகோடா பாயின்ட் போகிறவர், லேடீஸ் சீட் போகிறவர், சேர்வராயன் கோயிலுக்குப் போகிறவர், நாகலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்குத் திரும்புகிறவர், எஸ்டேட்டிலிருந்து மிளகும் காப்பியும் ஏற்றி இறங்கும் லாரி, பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு விரையும் ஆம்புலன்ஸ், எல்லோருக்கும் வழி அந்தப் பக்கம்தான். இவர்களில் பலருக்கு அந்த நிமிடத்தில் ஏரியில் எந்த வேலையும் இல்லை. ஏரிக்கரையைப் பொறுத்தவரை இவர்கள்தான் கடந்து போகிறவர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஒண்டிக்கடையில் நின்று பார்த்தால் இது புரியும். மிளகாய் பஜ்ஜிக் கடைக்கு எதிரே ஒரு கார் நிற்கும். உள்ளே டிரைவர் இருப்பார், இன்ஜின் ஓடும், வீட்டார் இறங்கிப் போயிருப்பார்கள். “ரெண்டே நிமிஷம், எடுத்துடுறோம்” என்பார். அவருக்குப் பின்னால் வந்த வேன் விலகிப் போக வலப்பக்கம் ஒடிக்கும். எதிரே கிராமத்துக்குப் போகும் பேருந்து வரும். பேருந்தால் பின்னால் போக முடியாது, அதற்குள் அதன் பின்னால் பத்து வண்டி சேர்ந்திருக்கும். இடையில் டூவீலர்கள் கிடைத்த சந்தில் எல்லாம் நுழைந்து, மிச்சமிருந்த இடத்தையும் அடைத்துவிடும். போலீஸ்காரர் ஒருவர் முன்னால் ஓடி, அந்த முதல் காரை நகர்த்தச் சொல்லும் வரை எல்லாம் அப்படியே நிற்கும். கவனிக்க வேண்டியது இதுதான்: அடைப்புக்குக் காரணம் நின்ற ஒரு கார், அடைப்பில் மாட்டியதோ அங்கே வேலையே இல்லாத பேருந்து. காருக்கு நிறுத்துமிடம் வேண்டும். பேருந்துக்கு மாற்று வழி வேண்டும். இரண்டையும் ஒரே பிரச்சினை என்று நினைத்து, பத்து மைல் தள்ளி ஒரு மலைப்பாதை கேட்கிறோம்.

மலையில் குறுக்கு வழி கிடையாது

“இருபது வளைவு சுற்றிப் போவதற்குப் பதிலா நேரா ஒரு ரோடு போடலாமே” என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் பதில் வந்துவிடும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர். ஆக ஏற வேண்டியது சுமார் 1,200 மீட்டர். மலைச் சாலையில் இயல்பாக வைக்கும் ஏற்றம், 20 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயர்வது. செங்குத்தான இடங்களில் இன்னும் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் நீண்ட தூரத்துக்கு முடியாது. ஏறும்போது பேருந்து திணறும், இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். 1,200ஐ இருபதால் பெருக்கினால் 24 கிலோமீட்டர். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இன்றைக்கு இருக்கும் தூரம் சுமார் 30 கிலோமீட்டர், அதில் அடிவாரம் வரை சமவெளி. அதாவது பழைய பாதையைப் போட்டவர்கள் வீணாகச் சுற்றவில்லை. மலை கேட்கிற நீளத்தைத்தான் போட்டார்கள். எந்தப் பக்கமிருந்து புதிதாகப் போட்டாலும் அதே நீளமும் அதே மாதிரி வளைவுகளும் வேண்டியிருக்கும்.

வளைவு என்றால் சும்மா திரும்பிவிடுவதில்லை. கொண்டை ஊசி வளைவுக்கு உட்புற ஆரம் குறைந்தது 14 மீட்டர் வேண்டும், ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் நடுவே 60 மீட்டராவது நேர்ச்சாலை வேண்டும், திரும்பும் இடத்தில் ஏற்றம் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. பழைய வளைவுகளை இந்த அளவுக்குக் கொண்டுவருவதே பெரிய வேலை. ஏறுகிற பேருந்து குறுகிய வளைவில் சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். மேலேயிருந்து வருகிறவர் நின்று வழிவிட வேண்டும், ஏறும் வண்டிக்கு முன்னுரிமை என்பது சட்டத்திலேயே இருக்கிறது. சமவெளியிலிருந்து வரும் பலருக்கு இது தெரியாது, இறங்குகிற வேகத்தில் வளைவின் நடுவுக்கே வந்துவிடுகிறார்கள். மலைச் சாலை ஏன் சமவெளிச் சாலையில் மூன்றில் ஒரு பங்குதான் தாங்கும் என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும்.

அடுத்தது மண்ணும் தண்ணீரும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை சார்னோகைட் என்னும் கடும்பாறையால் ஆனது. ஆனால் பாறைக்கு மேலே சிதைந்த செம்மண் போர்வை இருக்கிறது. சாலைக்காகச் சரிவை வெட்டும்போது அந்தப் போர்வையின் கால் வெட்டப்படுகிறது. மழை நீர் உட்பக்க வாய்க்காலில் ஓடிச் சிறுபாலத்தின் வழியாக மறுபக்கம் இறங்கிவிட்டால் ஒன்றும் ஆகாது. சிறுபாலத்தின் வாயில் இலையும் மண்ணும் தண்ணீர் பாட்டில்களும் அடைத்துக்கொண்டால், தண்ணீர் ரோட்டின் மேல் ஏறி, பள்ளத்துப் பக்க ஓரத்தில் வழிந்து, தடுப்புச் சுவருக்குப் பின்னால் இறங்கும். அங்கே ஊறிய மண் ஒருநாள் சுவரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை ஒட்டிப் பெய்த மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது. புதிய மலைப்பாதை என்றால் இப்படி வெட்டிய சரிவு இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் சேரும். அதை ஒவ்வொரு மழைக்காலமும் காப்பாற்றும் செலவும் சேரும். போடும் செலவைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, வருடா வருடம் வாய்க்கால் தூர்வாரும் செலவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது.

குப்பனூர்ப் பாதை கற்றுத் தருவது

மூன்றாவது பாதை வேண்டாம் என்பதற்காக ஒரே பாதையை நம்பி இருக்கலாம் என்று சொல்லவில்லை. 2024 மழை சொன்னது அதற்கு நேர் எதிர். ஒரு வழி அடைபட்டால் மலைக் கிராமங்களுக்கு இன்னொரு வழி இருந்தே ஆக வேண்டும். அந்த இன்னொரு வழி ஏற்கெனவே இருக்கிறது. அரூர் ரோட்டில் குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு வரும் பாதை.

கோடை விழா நாட்களில் போலீசார் இதை வைத்துத்தான் ஒருவழி ஏற்பாடு செய்கிறார்கள். அடிவாரப் பாதையில் ஏறுவது, குப்பனூர்ப் பாதையில் இறங்குவது. எதிர்வண்டி இல்லாத மலைச் சாலையில் வளைவுகளில் நிற்க வேண்டியதில்லை, ஓட்டம் சீராகிறது. புதிதாக ஒரு கல்லும் நடாமல் கிடைக்கிற நன்மை இது. ஒரு திட்டத்தைக் காகிதத்தில் வாதிடுவதற்கு முன் ரோட்டிலேயே நடத்திப் பார்க்கிற வாய்ப்பும்கூட.

இதற்கும் ஒரு விலை உண்டு. அடிவாரப் பக்கம் வேலையுள்ள கிராமத்துக்காரர் குப்பனூர் போய்ச் சுற்றி வர வேண்டியிருக்கும். டீசல் அவர் கையிலிருந்து போகும். உள்ளூர் வண்டிகளுக்கும் ஆம்புலன்ஸுக்கும் விலக்கு வைத்தால்தான் இந்த ஏற்பாடு நியாயமாகும். அப்புறம், மலையிலிருந்து இறக்கிவிட்ட வண்டிகள் எங்கே போகின்றன என்றும் பார்க்க வேண்டும். குப்பனூரில் இறங்குகிற கூட்டத்தில் ஒரு பகுதி அயோத்தியாப்பட்டணத்துக்கு வந்து சேரும். அங்கே சென்னை ரோடும் அரூர் ரோடும் சந்திக்கின்றன, ரயில் பாதையும் இருக்கிறது. மலையில் குறைந்த நெரிசல் சாயந்தரம் ஆறு மணிக்கு அடிவாரத்து ஊரில் முளைத்தால் அதை வெற்றி என்று எழுத முடியாது. இணைப்புச் சாலைத் திட்டங்களில் அடிக்கடி விட்டுப்போவது இந்தக் கடைசிப் பக்கம்தான். வரைபடம் புதிய சாலை முடியும் இடத்தோடு நின்றுவிடும், வண்டி அங்கே நிற்காது.

எந்த நாளுக்காகக் கட்டுவது?

ஏற்காட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை எண்ணினால் ரோடு காலியாக இருக்கும். கோடை விழா ஞாயிறு எண்ணினால் ஆறு வழிச் சாலைகூடப் போதாது. எந்த நாளுக்காகத் திட்டமிடுவது?

சாலைப் பொறியாளர்கள் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஆண்டின் எல்லா மணி நேரங்களையும் வண்டி எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்கி, 30வது இடத்தில் வரும் மணி நேரத்தை அளவாக எடுப்பார்கள். அதற்கு மேலே இருக்கும் உச்ச மணி நேரங்களுக்காகச் சாலை கட்டினால் வருடம் முழுக்கச் சும்மா கிடக்கும் அகலத்துக்குப் பணம் போடுவதாகும். ஏற்காட்டில் உச்சம் சில வாரக் கடைசிகளில் மட்டும் வருவதால், அந்த உச்சத்தைச் சாலை கட்டிச் சமாளிக்க நினைப்பது கட்டுப்படியாகாது. அதை ஏற்பாட்டால்தான் சமாளிக்க வேண்டும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவின்படி, வருவதற்கு முன்பே வண்டிக்கு இணையத்தில் அனுமதி வாங்கும் இ-பாஸ் முறை வந்தது இந்த வழியில்தான். ஏற்காட்டுக்கு இ-பாஸ் வரை போக வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். பேருந்துக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம்.

கணக்கு எளிது. ஒரு காரை நிறுத்தவும், அது உள்ளே வந்து திரும்பவும் சுமார் 25 சதுர மீட்டர் இடம் வேண்டும். நூறு காருக்கு 2,500 சதுர மீட்டர், அதாவது அறுபது சென்ட்டுக்கும் மேல். ஏரிக்கரையில் அறுபது சென்ட் சமதளம் யாரிடம் இருக்கிறது? அடிவாரத்தில் அந்த இடம் தேடுவது சுலபம். காருக்கு நாலு பேர் என்று வைத்தால், ஐம்பது பேர் உட்காரும் ஒரு பேருந்து பன்னிரண்டு கார்களுக்குச் சமம். கார்க் கணக்கில் பேருந்து மூன்று என்று மேலே பார்த்தோம். பன்னிரண்டு போய் மூன்று வருகிறது. வாரக் கடைசிகளில் அடிவாரத்திலிருந்து அடிக்கடி பேருந்து விட்டு, மேலே மலையைச் சுற்றி வரும் லூப் ரோட்டில் சுற்றிக் காட்ட மினி பஸ் விட்டால், வளைவுகளும் ஏரிக்கரையும் சேர்ந்தே இளைப்பாறும். பேருந்து நேரத்துக்கு வர வேண்டும், கைக்குழந்தையோடு வருகிறவருக்கு உட்கார இடம் கிடைக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் மக்கள் காரைத்தான் எடுப்பார்கள், அவர்கள் மேல் தப்பில்லை.

இணைப்புச் சாலை எங்கே?

இப்போது ஊருக்குள் வர வேண்டிய அந்தச் சின்ன இணைப்புக்கு வருவோம். சேலம் ரோட்டிலிருந்து வரும் வண்டி ஏரியை எட்டுமுன் பிரிந்து, சேர்வராயன் கோயில், நாகலூர்ப் பக்கம் போகும் ரோட்டில் போய்ச் சேர வேண்டும். மலையில் எஸ்டேட் ரோடுகளும் ஊராட்சி ரோடுகளும் நிறைய இருக்கின்றன. புதிதாகச் சரிவை வெட்டுவதற்கு முன், இவற்றில் எதை இணைத்து அகலப்படுத்தினால் போதும் என்று பார்ப்பதுதான் முறை. தடம் போடுகிறவர் கையில் குறைந்தது மூன்று மாற்றுகள் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் எத்தனை மரம் போகும், எத்தனை வீடு போகும், எத்தனை ஓடை குறுக்கிடும், ஏற்றம் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். ஓடைகளை அலட்சியமாக நினைக்கக் கூடாது. சேலம் நகரத்தின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறும், ஓமலூர் வழியாகப் போகும் சரபங்காவும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. இங்கே ஒரு சிறுபாலத்தைச் சின்னதாகக் கட்டினால் கீழே யாருக்காவது தண்ணீர் வராது, அல்லது ஒரேயடியாக வரும்.

நிலம் என்று வந்தால் சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மாநில நெடுஞ்சாலைத் துறை பட்டா நிலம் எடுப்பது 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டப்படி. 2013இல் மத்திய அரசின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் வந்தபோது, தமிழ்நாடு தன் சட்டத்துக்கு விலக்கு ஏற்படுத்திக்கொண்டது. அந்த விலக்கு செல்லாது என்று 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டமன்றம் மறுபடி சட்டம் இயற்ற, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. நிலம் கொடுப்பவருக்கு இதன் பொருள்: இழப்பீடு 2013 சட்டத்தின் கணக்குப்படி, நூறு சதவீத ஆறுதல் தொகையோடு, அதாவது அதே அளவு கூடுதல் தொகையோடு கிடைக்கும். ஆனால் அந்தச் சட்டம் சொல்லும் சமூகத் தாக்க ஆய்வு கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதற்காகச் செய்யாமல் விடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். 277 கிலோமீட்டர் சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்கு 2018இல் நம் மாவட்டத்து வயல்களில் அளவுக்கல் நட்டபோது நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கிணற்றையும் தென்னையையும் கல்லுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்து அழுதவர்கள் நம் ஊர்க்காரர்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் புதிதாக அறிவிப்பு வெளியிட வழி விட்டது. பேச வேண்டியதைக் கல் நடுவதற்கு முன்பே பேசியிருந்தால் இத்தனை கசப்பு சேர்ந்திருக்காது.

மலையில் காப்புக்காடும் உண்டு. வனநிலத்தில் சாலை போட 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும், எடுத்த காட்டுக்கு ஈடாக வேறு இடத்தில் மரம் வளர்க்க வேண்டும். இதற்கு ஆகும் காலம் பலருக்குத் தெரியும். ஆனால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரியாது. காட்டில் வாழும் மக்களுக்கான சாலை, பள்ளி, குடிநீர் போன்ற வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு எடுக்கலாம். ஒரு ஹெக்டேர் என்றால் ஐந்து மீட்டர் அகலத்தில் இரண்டு கிலோமீட்டர் சாலை. சேர்வராயன் மலையின் மலையாளி பழங்குடிக் கிராமங்களில் பல, வருடங்களாகக் கேட்பது இந்த அளவுச் சாலையைத்தான். அவர்களுக்கான சாலையையே சரியாக இணைத்தால் ஏரிக்கரையைக் கடந்து போகும் கிராமத்து வண்டிகள் தாமாகக் குறையும். சுற்றுலாவுக்குப் பணம் ஒதுக்கும்போது இந்த ஊர்களைக் கடைசியில் வைப்பது வழக்கமாகிவிட்டது. இங்கே அவர்களை முதலில் வைப்பதுதான் நெரிசலுக்கும் தீர்வு.

போட்ட பிறகு என்ன ஆகும்?

புதிய சாலை திறந்த முதல் மாதம் காலியாக இருக்கும். அடுத்த மாதம் ஒரு டீக்கடை வரும். வண்டி நிற்கும். பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை, அப்புறம் ஒரு ஓட்டல், அப்புறம் பிளாட் போட்ட போர்டு. பத்து வருடத்தில் அதுவே இன்னொரு கடைவீதி. சேலத்தில் கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டிப் பக்கம் ஊருக்கு வெளியே என்று நினைத்துப் போட்ட பைபாஸ்கள் இன்று ஊருக்குள் வந்துவிட்டதை எல்லோரும் பார்க்கிறோம். போக்குவரத்து ஆண்டுக்கு ஐந்து சதவீதம் வளர்ந்தாலே பதினான்கு வருடத்தில் இரட்டிப்பாகும். அதோடு சாலை ஓரமும் அடைபட்டால் போட்ட பலன் அதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

டீக்கடைக்காரரை விரட்டுவது இதற்கு வழியாகாது. திட்டத்திலேயே, கிலோமீட்டருக்கு ஒரு இடமாவது சாலையிலிருந்து உள்வாங்கி வண்டி நிறுத்தவும் கடை வைக்கவும் இடம் ஒதுக்கி, அதை உள்ளூர்க்காரர்களுக்கே கொடுத்து, மிச்ச நீளத்தில் நேரடி வாசல் கூடாது என்று முதல் நாளிலிருந்தே கண்டிப்பாக இருக்க வேண்டும். ஏரிக்கரைக் கடைகளுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். பஜ்ஜி வாங்க நிற்கிற கார் நிற்கத்தான் செய்யும், அது எங்கே நிற்கலாம் என்பதைத்தான் நாம் முடிவு செய்ய முடியும்.

வேலைகளின் வரிசையும் முக்கியம். முதல் கோடையில் ஏரிக்கரைக் கணக்கெடுப்பும், அடிவார நிறுத்துமிடமும் பேருந்தும். அந்த மழைக்காலத்துக்குள் இரண்டு பாதைகளிலும் வாய்க்கால், சிறுபாலம், தடுப்புச் சுவர். குப்பனூர்ப் பாதையின் குறுகிய வளைவுகள் அடுத்தது. கணக்கெடுப்பின் எண்களைக் கையில் வைத்துக்கொண்டு இணைப்புச் சாலையின் தடத்தை முடிவு செய்வது அதற்கும் பிறகு. எண்கள் என் கருத்துக்கு எதிராக வந்தால் தடத்தை மாற்ற வேண்டியதுதான், கணக்கெடுப்பு எடுப்பதே அதற்காகத்தான்.

அந்த எண்கள் அலுவலகக் கோப்பில் கிடக்காமல் மக்கள் முன் வர வேண்டும். கோடை விழாவுக்கு முன்னால் மே 1 அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. ஏற்காடு ஒன்றியத்து ஊராட்சிகளில் அன்று மூன்று மாற்றுத் தடங்களின் வரைபடத்தை வைத்து, எந்த ஓடை எந்த மாதம் பெருகும், எந்தச் சரிவு மழையில் கரையும், எந்த எஸ்டேட் ரோட்டில் ஆம்புலன்ஸ் திரும்பாது என்று அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ள நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் ஒருவர் வந்து உட்கார வேண்டும். அவர் சொல்வதற்கும் அங்கே இருப்பவர்கள் சொல்வதற்கும் வித்தியாசம் வந்தால், இருவரும் சேர்ந்து அந்த இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.